பின்வாசல் குளியல்

பொய் என்று தெரிந்துதான் கற்பகம் சொன்னாள்.

"பட்டாசு மருந்துத் தூளோட அடுப்படிக்கு வந்தா புள்ளைகளுக்கு ஆகாதாம். பின்வாசல்ல குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் உள்ள வரணுமாம். போன்ல வந்துச்சு."

அவள் குறி வைத்தது கொழுந்தன் மனைவி அனுப்பிரியாவை. வேதியியலில் எம்.எஸ்சி. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனி லேபில் வேலை.

அவள் கல்யாணமாகி வருகிறவரை, அந்த வீட்டில் எது விஷம் என்று சொல்வது கற்பகம்தான். போனில் வந்ததைப் படித்துத் தூள் உப்பை நிறுத்தினாள், பற்பசையை நிறுத்தினாள், அலுமினியச் சட்டிகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள்.

இப்போது மாமியார் லட்சுமிகாந்தம்கூட, இதைச் சாப்பிடலாமா என்று சின்னவளைத்தான் கேட்கிறார். யார் சோதிச்சாக, எம்புட்டுப் பேர்கிட்ட சோதிச்சாக என்று கேட்டுக் கேட்டே, அனு ஒவ்வொன்றாகத் தடையை நீக்கிவிட்டாள். உப்பு திரும்பி வந்தது. பற்பசையும் வந்தது.

இதற்கும் கேட்பாள் என்று வீடே காத்திருந்தது. அனு வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் பின்வாசலில் குளித்துவிட்டே உள்ளே வந்தாள், மார்கழிக் குளிரிலும்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கற்பகம் காப்பி குடித்தாள். காப்பி அவ்வளவு ருசியாக இருந்தது.

தை பிறந்ததும் கம்பெனி வேன் வாசலில் நின்றது. மேனேஜர் சண்முகவேல் கற்பகத்தைத் தேடித்தான் வந்திருந்தார். வேலை செய்யும் பெண்களுக்குக் குளியலறை கட்டியிருக்கிறார்களாம். வேலைக்கென்று தனித் துணியும் உண்டாம். அவள்தான் திறந்து வைக்க வேண்டுமாம்.

"நானா?"

"உங்க யோசனைதானேம்மா. வேலைத்துணித் தூசி வீட்டுப் புள்ளைகளப் பாதிக்கும்னு ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் சேர்த்து, உங்க பேரப் போட்டு அனு மனுக் கொடுத்துச்சு. முதலாளியால தட்ட முடியல."

ரிப்பன் வெட்டினாள். அறுபது பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிள்ளைக்காரி நான், நல்லா இருப்பீக என்றாள்.

திரும்பும்போது வேனில் கற்பகத்துக்குப் பொறுக்கவில்லை.

"அனு, அது போன்ல வரல. உன்மேல இருந்த வயித்தெரிச்சல்ல நானாச் சொன்னது."

"அன்னைக்கே தெரியும்க்கா. போன்ல வந்திருந்தா இம்புட்டுச் சரியா இருந்திருக்காதே."