கடல் பார்க்கும் சங்கம்

“திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை…” என்று தொடங்கி, வளாகத்தின் முதலாம் வருட வரவேற்பில் அப்துல் மஜீத் சேர் என்னவோ சொன்னார். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது நிப்றாசுக்கு மறந்துபோய்விட்டது. தள்ளாத வயதிலும் அவர் குரலை உயர்த்திச் சொன்ன அடுத்த வரி மட்டும் மறக்கவில்லை.

“கொழும்புக் கம்பனிக்காரர் பயிற்சிக்கு எடுக்கேக்க, படிப்பைத் தவிர வேற என்ன செய்றீங்களெண்டு கட்டாயம் கேப்பாங்க.”

இப்போது மூன்றாம் வருடம். நேர்முகம் கிட்டி வருகிறது. பயிற்சி கிடைக்காவிட்டால் பட்டமும் இழுபடும். கணினி படிக்கிற நிப்றாசிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

விவாதக் குழுவில் எழுந்து நின்றான், முதல் வசனத்தோடு இருந்துவிட்டான். கிரிக்கெட்டில் இடமில்லை. நாடகக்காரர் திரை இழுக்கக் கூப்பிட்டார்கள். ரோபோ குழுவில், “ஆராவது விலகினாச் சொல்லுறம்” என்றார்கள்.

அறைத்தோழன் பாஹிம்தான் கன்ரீன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான்.

கடல் பார்க்கும் சங்கம். புதன் பின்னேரம், டச்பே கடற்கரை. தலைவர் குணரத்தினம், நாலாம் வருடம்.

“என்னடா இது? கடல் ஓடிப்போயிடுமெண்டு காவலா?”

“கதைக்கத் தேவையில்ல, ஓடத் தேவையில்ல. உன்னால ஏலுமான ஒரே விளையாட்டு. போ மச்சான்.”

நிப்றாஸ் தயங்கினான். ஏழு வயதில் வாப்பாவின் தோணி கொட்டியாரக் குடாவில் கவிழ்ந்த நாளிலிருந்து அவன் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. கடலோரக் கிண்ணியாப் பிள்ளைக்குக் கடல் பயம் என்றால் ஊரே சிரிக்கும். அதனால் ஒருவருக்கும் சொன்னதுமில்லை.

நேர்முகத்தை நினைத்து முதல் புதன் போனான், பார்த்ததும் பயம் குறைந்தது. பாய் விரித்திருந்தது மணலில் இல்லை. வீதியோரச் சுவருக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து கடல் வெறும் நீலக் கோடு.

தலைவர் குணரத்தினம், அவன் வகுப்புக் கீர்த்தனி, அவன். அவ்வளவுதான் சங்கம். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. பக்கத்துக் கோட்டையில் திரிகிற மானொன்று இறங்கி வந்து பாயை மோந்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

“அண்ணன், கடல் அங்க கிடக்கு. நாங்க ஏன் இங்க?”

“மணலுக்குள்ள நடக்க எனக்குப் பஞ்சியடா தம்பி.” குணரத்தினம் கைகளைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தான்.

“சான்றிதழ் தருவீங்களா?”

“கடலிட்டக் கேட்டுப் பாக்கிறன்.”

இப்படியும் ஒரு சோம்பேறியா என்று நிப்றாஸ் அறையில் வந்து சொல்லிச் சிரித்தான். பாஹிமும் சேர்ந்து சிரித்தான்.

ஆனாலும் போனான். துறைமுகத்துக்குப் போகிற கப்பல் அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நகரும். வெயில் மஞ்சளாகி, பிறகு செம்பாகி, பிறகு ஒன்றுமில்லாமல் கரையும். பகல் முழுக்கத் தலைக்குள் சுழன்ற புரோகிராம் பிழைகள் எங்கே போயின என்று தெரியாது. எழும்பும்போது கனவிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

பாய் ஒரு புதன் சுவரைத் தாண்டியது. இன்னொரு புதன் தென்னைக்குக் கீழே. பிறகு, இழுத்துப் போட்டிருந்த வள்ளங்களுக்கு நடுவில். கேட்டால் தலைவரிடம் ஒரு சாட்டு இருக்கும்.

“அங்க எறும்பு.” “இங்கதான் நிழல்.” “அந்த மான் என்னை முறைக்குது.”

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை ரோபோ குழுவிலிருந்து செய்தி வந்தது. ஒருவர் விலகிவிட்டார், இடமிருக்கிறது. போட்டி, சான்றிதழ், பெயர் போட்ட சேர்ட். குழு கூடுவது புதன் பின்னேரம். நாளைக்குள் பதில் வேண்டும்.

விலகுவதைச் சொல்லிவிட்டு வரத்தான் மறுநாள் கடற்கரைக்குப் போனான். குணரத்தினம் இன்னும் வரவில்லை. வள்ளங்களையும் தாண்டி விரித்திருந்த பாயில் கீர்த்தனி மட்டும் இருந்தாள். அவனும் போய் இருந்தான்.

“குறை நினைக்காதீங்க கீர்த்தனி. இது சங்கமில்ல, சாய்ஞ்சு கிடக்கிற இடம். இதைப் போய்க் கொழும்பில சொல்ல ஏலுமா? தலைவரெண்டு ஒருத்தர், அவருக்கு மணலுக்குள்ள நடக்கவே பஞ்சி!”

கீர்த்தனி தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். “குணா அண்ணன் வளாக நீச்சல் குழுவின்ர கப்டன். தெரியாதா?”

தெரியாது. நீச்சல் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததேயில்லை.

“பொய் சொல்லாதீங்க. நீந்துற ஆள் ஏன் சுவருக்கு அங்கால கிடந்தவர்?”

கீர்த்தனி அலையைத் திரும்பிப் பார்த்தாள். “சரி, கடலுக்கு இவ்வளவு கிட்ட வந்தாச்சு. இனிச் சொல்லலாம்.”

“என்னத்த?”

“பாஹிம்தான் அண்ணனிட்ட வந்தவர். பஸ் கிண்ணியாப் பாலத்தில ஏறேக்க நீங்க கண்ணை மூடினா, பாலம் முடியத்தான் திறப்பீங்களாம். கேட்டா நித்திரையெண்டு சொல்லுவீங்களாம். ‘நேர கேட்டா வெக்கப்படுவான், வேற வழி பாருங்க’ எண்டு சொன்னவர். அந்தக் கிழமைதான் நாங்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கினது.”

அலையொன்று வந்து பாயின் ஓரத்தையும் அவன் குதிக்காலையும் நனைத்துவிட்டுத் திரும்பியது.

நிப்றாஸ் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு போனை எடுத்து, தன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கும்படி ரோபோ குழுவுக்கு எழுதினான்.