டிண்பாயஜெ

பந்தல்குடியில் மல்லி லோடு இறக்கிவிட்டு வந்த ஜெயபாண்டி, மனைவி தங்கலட்சுமியின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். அவள் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறாள்.

"என்ன இது, டிண்பாயஜெ? மருந்து பேரா?"

"திருப்பிப் போடுற கணக்குங்க. 123 குடுத்தா 321 வரணும். நம்பரு சொன்னபடி கேக்குது. எழுத்துலதான் புள்ளி மட்டும் தனியா ஓடிப்போகுது. அதப் பிடிச்சு உக்கார வைக்கிறதுக்குள்ள தாவு தீந்துருச்சு."

"அதுக்குன்னு வாயில வராததையா அடிப்ப?"

"என் வாயில வராததத்தான் அடிச்சேன்" என்று சிரித்தபடி பட்டனைத் தட்டினாள்.

திரையில் வந்து விழுந்தது: ஜெயபாண்டி.

ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்டால்கூட ஆதார் அட்டையை நீட்டுகிறவள் அவள். ஒருதரம் பேர் சொல்லிக் கூப்பிடு என்று அவன் கெஞ்சாத நாளில்லை.

"இது கம்ப்யூட்டரு சொன்னது. நீ சொல்லு."

"போங்க, அத்தை காதுல விழுந்தா என்ன நெனப்பாக?" என்று அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

சற்று நேரத்தில் அங்கிருந்து வீடே அதிரும்படி குரல் வந்தது.

"டிண்பாயஜெ! தோசை ஆறுது, வாங்க!"

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"யார்ரா அது, விருந்தாளியா?"

"நாந்தாம்மா!" என்று எழுந்து ஓடினான் ஜெயபாண்டி.