வழுவமைதி

பால் சங்கத்தார் தங்களுக்கு எழுதிக் கொடுத்த மென்பொருளில் பன்னிரண்டு பிழைகளைச் சொல்லியிருந்தார்கள். பதில் எழுதும் வேலை பூங்கோதைக்கு வந்தது. "பிழைன்னு மட்டும் எழுதிராதீங்கம்மா. மனசு நோகாத வார்த்தையா போடுங்க" என்றார் மேலாளர் ஞானராஜ்.

பதினொன்றுக்கு 'மேம்பட வேண்டியவை' என்று எழுதினாள். பன்னிரண்டாவதில் கை நின்றது. மாட்டின் காது வில்லையைக் கருவியில் காட்டினால் திரையில் 'செவலை வந்தது' என்று வர வேண்டும். 'செவலை வந்தாள்' என்று வந்தது. அது இளம்பரிதி எழுதிய வரி. கல்லூரியில் அவளோடு தமிழ் படித்து, இங்கே பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தவன். "எங்க வீட்டுல மாட்ட அதுன்னு சொன்னா அம்மா சோறு போடாது, கோதை" என்பான். அவன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பிழையென்று ஒப்புக்கொண்டால் மாலைக்குள் வரியை மாற்றிவிடுவார்கள்.

அன்பினால் மாட்டைப் பெண்ணாகச் சொன்னால் இலக்கணம் அதைத் தள்ளுவதில்லை. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்த பாடம். 'வழுவமைதி' என்று எழுதினாள்.

"அப்படின்னா?" என்றார் ஞானராஜ்.

"தப்பு மாதிரி தெரியும் சார். தப்பில்ல. திருத்தக் கூடாது."

அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. மத்த பதினொண்ணுக்கும் இதையே போட்டுருங்க."

பூங்கோதை சட்டென்று பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.