முதல் ஓட்டு

நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சி சொன்னபோது அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.



சாலையோர ஒட்டுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்ல? என்னா லா அவசரம் இவங்களுக்கு?" டாக்சிக்காரர் தேநீர்க் குவளையை ஓங்கி வைத்தார். கடைக்காரர் மாணிக்கவேலுக்கு ஓட்டு சுங்கை சிப்புட்டில். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகவேண்டுமே என்று அலுத்துக்கொண்டார். அண்ணன் வீட்டுக் கல்யாணம் அதே வாரத்தில் வருகிறது என்று யாரோ தலையில் கை வைத்தார்கள்.

அந்தக் கடையில் மகிழ்ந்தவள் அவள் ஒருத்திதான்.

குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து பார்த்தாள்.

இருந்தது.

குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை. கைக்கு வந்து பன்னிரண்டு நாள்.

அதற்கு முன்பு நாற்பத்தைந்து வருடம் சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் மலேசியாவில் இருக்கலாம், வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாது. அவள் பிறந்தது இங்கேதான், ஒரு ரப்பர் தோட்டத்தில். அதைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. பெற்றவர்கள் பதியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஐந்து முறை விண்ணப்பித்தாள். ஐந்தாவது முறை கிடைத்தது.

கிடைத்த அன்று யாரிடம் காட்டுவது என்று யோசித்தாள். கணவர் இறந்து பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. பதினான்காவது மாடியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தானே பார்த்துக்கொண்டாள்.

அட்டையில் அவள் பெயர் இருந்தது. அங்கம்மா.

அடுத்த வாரமே அடுக்குமாடிக்குக் கட்சிக் கொடிகள் வந்தன. பட்டியலும் கையுமாகத் தொண்டர்கள் வீடு வீடாக ஏறினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் அவள் கதவைத் தாண்டித்தான் போவார்கள்.

இந்த முறையும் தாண்டிப் போனார்கள்.

பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வாக்களிப்பு நாளன்று விடியற்காலையிலேயே குளித்தாள். நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டினாள். கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு சீனத் தம்பதி. பின்னால் ஒரு மலாய்க்காரப் பெண், வெயில் ஏறியதும் தன் குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பது நன்றாக இருந்தது.

மேசையில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பட்டியலில் தேடினாள். மறுபடியும் தேடினாள். பக்கத்து மேசையில் இருந்த தமிழ் அலுவலரைக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்து வந்தார்.

"அக்கா, இந்த ஐசி எப்ப கெடைச்சது?"

"கலைக்கிறதுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்ன."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"பேரு தானாவே பட்டியல்ல ஏறிடும்க்கா. ஆனா கொஞ்ச நாளாவும். அதுக்குள்ள கலைச்சிட்டாங்க. அதுக்கு முந்தி இருந்த பட்டியலைத்தான் எடுத்துக்குவாங்க."

"அப்ப நேரத்துக்கு நடந்திருந்தா?"

"ரெண்டு வருசம் கழிச்சு நடந்திருந்தா, நீங்க போட்டிருப்பீங்க."

"சரி."

"அடுத்த தேர்தலுக்குக் கண்டிப்பா இருக்கும்க்கா. அஞ்சு வருசந்தான்."

அவளுக்கு அறுபத்தாறு வயது.

"நன்றி தம்பி" என்று சொல்லி அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடை பிடித்த பெண் அவள் நின்ற இடத்துக்கு நகர்ந்தாள்.

வாசலில் ஒரு குடும்பம் மை வைத்த விரல்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது கை ஆட்காட்டி விரல், நான்கு பேருக்கும்.

"ஆன்ட்டி, ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?"

எடுத்துக் கொடுத்தாள். முதல் படம் ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றவில்லை. கம்பிக் கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியது.

மின்தூக்கி நின்றது. நடைபாதையில் பேச்சுச் சத்தம்.

சட்டென்று எழுந்தாள். கோதுமை மாவுப் பொட்டலத்தைப் பிரித்து, முழுவதையும் பேசின் பாத்திரத்தில் கொட்டினாள். தண்ணீர் விட்டாள். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

எதிர்வீட்டு ரெஜினா கம்பிக் கதவருகில் நின்று மை வைத்த தன் விரலைக் காட்டினாள்.

"போட்டாச்சாக்கா?"

"போட்டாச்சு."

"கூட்டம் எப்படி?"

"நாப்பது நிமிசம் நின்னேன்."

"நானும் அவ்ளோதான் நின்னேன். சரி, யாருக்குப் போட்டீங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அங்கம்மா மாவை ஒரு முறை திருப்பிப் போட்டாள்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதாமே."

ரெஜினா சிரித்தாள். "சரியான ஆளுக்கா நீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அந்தக் கதவு சாத்தப்பட்டது.

பேசினில் ஒரு கிலோ மாவு இருந்தது. அவளுக்கு மூன்று சப்பாத்தி போதும்.

கையை எடுக்கப் போனாள்.

மின்தூக்கி மறுபடியும் நின்றது. பேச்சுச் சத்தம்.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.