விட்டுவைத்த பேப்பர்

கோமதி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு. வெளியே வேப்பமரத்தடியில் நின்றவளுக்குக் கோமதியின் பின்னலும் வலது தோளும் தெரிந்தன.

மணி ஒன்பது ஐம்பது. தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இருவரும் இன்று எழுதப்போவதில்லை என்பதுதான் பேச்சு.

கடைசித் தேர்வு. பிசிகல் கெமிஸ்ட்ரி. இதிலும் தேறிவிட்டால் பட்டம் வந்துவிடும். பட்டம் வந்துவிட்டால் பழைய மதிப்பெண்களைத் தொட முடியாது. கல்லூரியின் விதி. இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், அடுத்த வருடம் இதோடு சேர்த்து, மதிப்பெண் குறைந்த மற்றதையும் திரும்ப எழுதலாம்.

எம்.எஸ்ஸி.க்கு ஐம்பத்தைந்து சதவீதம் கேட்டார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு. கோமதிக்கு ஐம்பத்துமூன்று.

யோசனை கோமதியுடையது.

ஆய்வகத்தில் பியூரெட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஒத்தையில நின்னாத்தாம் ஏட்டி கேவலம். ரெண்டு பேருன்னா யாரு என்ன சொல்ல?"

அதைக் கேட்டபிறகு மூன்று வாரம் அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு வருடம். கூடப் படித்தவர்கள் போனபிறகு ஜூனியர்களோடு வந்து நிற்க வேண்டும். பிறகுதான் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கோமதியும் நிக்காளா?"

ஆமாம் என்றாள்.

அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பிசிகல் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறக்கவில்லை.

இன்று காலை இதே மரத்தடியில் சந்திப்பது, அடுத்த வருடம் எழுதுகிறோம் என்று இருவருமாக விண்ணப்பம் எழுதுவது, ஹால் டிக்கெட்டை இணைத்து அலுவலகத்தில் கொடுப்பது. அப்படித்தான் முடிவாகியிருந்தது.

கோமதியின் அப்பா கேட் வரை கொண்டுவந்து விட்டிருப்பார் என்று நினைத்தாள். உள்ளே போகிறாளா என்று நின்று பார்த்திருப்பார். வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் ஆகாமல் யாரையும் வெளியே விட மாட்டார்கள்.

பத்தரைக்கு வந்துவிடுவாள்.

வராந்தாவில் கண்காணிப்பாளர் மேடம் எட்டிப் பார்த்தார்.

"ஹால் டிக்கெட் இருக்குல்லா? பத்து மணிக்கு மேல விட மாட்டாங்க. வாறியாம்மா?"

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

வகுப்பில் காதில் விழுந்ததை வைத்து எழுதினால்கூட ஒருவேளை தேறிவிடலாம். ஐம்பத்திரண்டோடு பட்டம் வரும். எம்.எஸ்ஸி. போனால் போகிறது, எல்லாரோடும் சேர்ந்து வெளியேறிவிடலாம்.

ஆனால் கோமதி பத்தரைக்கு வெளியே வந்து மரத்தடியில் தேடுவாள். தான் உள்ளே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள்.

என்ன நினைப்பாள்?

"இல்ல மேடம்."

பத்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

அவள் மரத்தின் வேரில் உட்கார்ந்தாள். எறும்புகள் ஏறின. எழுந்து நின்றாள். கேன்டீன் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்தாள், அதற்குள் கோமதி வந்துவிட்டால் என்று.

பத்தரை மணி அடித்தது.

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

பிறகு கோமதி எழுந்து நின்றாள்.

மரத்தடியில் நின்றவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சிரிப்புகூட வந்துவிட்டது.

மேடம் கோமதியிடம் போனார். விடைத்தாளை வாங்கவில்லை. கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

அடிஷனல் ஷீட்.

அந்த அறையில் அதைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் கோமதிதான்.

கோமதி உட்கார்ந்தாள். ஸ்கேலை வைத்து ஓரத்தில் கோடு போட்டாள். பேனாவை மாற்றி, பச்சை மையில் தலைப்பு எழுதினாள். திரும்பி ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். அதற்குள் அவள் அலுவலகத்துக்குப் போய்த் தன் விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தாள்.

கோமதி படியிறங்கும்போதுதான் அவளைப் பார்த்தாள். சட்டென்று நின்றாள். விரலில் பச்சை மை.

"ஏட்டி… நீ நெசமாவே எழுதலியா?"

அவள் படியேறிக் கிட்டே வந்தாள். கோமதியின் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கினாள். எழுதி முடித்த கேள்விகளுக்கு நேரே பென்சிலில் டிக் போட்டிருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

திருப்பித் தருவாள் என்று கோமதி கையை நீட்டினாள்.

அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இது எனக்கு வேணும்."

நீட்டிய கையை எடுத்துக்கொள்ளக் கோமதிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.