பாதி வயல்

இப்போதெல்லாம் எவனுக்கும் கூச்சமே கிடையாது. திருடியதை ஒளித்து வைத்த காலம் போய், ரோட்டோரமாக நட்டு, ஊர் பார்க்கத் தண்ணீரும் பாய்ச்சுகிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டேதான் பால்காரர் தன் தங்கை புருஷனை அடித்தார். மாட்டுத் தடியின் முதல் அடியில் தோள் இறங்கியது. அடுத்ததில் வாய் கிழிந்தது. விழுந்தவனின் வலது கையைச் செருப்புக் காலால் மிதித்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் அதன்மேல் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற தங்கைக்கும் கேட்டது.

"என் வயல் மேக்குப் பாதில நிக்கற தீவனப் புல்லு, உன் வயல் பூரா எப்பிடிடா வந்துச்சு?"

"நான் திருடல மச்சான்."

"யாருடா உனக்கு மச்சான்? பேச்சே இல்லன்னு ஆனப்புறம் மச்சானாம். உன் வீட்டுத் துரும்பு என் மாட்டு வாயில பட்டா, வாயில கைய விட்டுப் புடுங்கிப் போடறவன் நான்."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு," என்றான் புருஷன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

பால்காரர் அரிவாளை எடுக்கக் குனிந்தபோது அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பாய்ந்து அமுக்கினார்கள்.

காவல் நிலையத்தில் அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "தீவனப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல டி.என்.ஏ. பாக்கறாங்க. ரெண்டு வயல் புல்லும் ஒண்ணுன்னா, அவர் மேல திருட்டுக் கேஸ். வேற வேறன்னா, பெரியவரே, கொலை முயற்சின்னு உங்கள உள்ள தள்ளுவேன்."

"நல்லாப் பாருங்க. நான் காலு ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தப்ப மேக்குப் பாதி அப்பிடியே கருகிப் போச்சு. திரும்பி வந்து பாத்தா தானா துளிர்த்து, முன்ன இருந்ததவிட மொழ ஒசரம் நிக்குது. என் மண்ணு அப்பிடி. அதப் பாத்துத்தான் இவனுக்குக் கை அரிச்சிருக்கு."

இரண்டு வயல் இலையையும் தானே பறித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பால்காரரே கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டார்.

முடிவு சொல்லும் நாளில் பால்காரரும் தங்கையும் அவள் புருஷனும் அதிகாரியும் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை செய்த பெண் கோடுகோடாக இருந்த ஒரு படத்தை மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு செடிக்கும் உள்ளுக்குள்ள அடையாளம் இருக்கு. அதத்தான் இப்பிடிப் பிரிச்சுப் பாக்கறோம். பெரியவர் கொண்டாந்த ரெண்டு பைல இருக்கறதும் ஒரே புல்லு இல்ல."

அதிகாரி எழுந்தார். பால்காரர் சிரித்தார்.

"உக்காருங்க சார். ரெண்டு பையுமே என் வயலுதான். கெழக்குப் பாதில ஒரு கைப்பிடி, மேக்குப் பாதில ஒரு கைப்பிடி. உங்க மெஷின் லட்சணம் தெரியணும்ல?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "யாரையும் நம்பற பழக்கம் எனக்கும் இல்ல. அவர் வயல்ல நானே போய்ப் பறிச்சேன்." இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்தாள். "உங்க மேக்குப் பாதியும் அவர் வயலும் ஒண்ணு. உங்க கெழக்குப் பாதிதான் வேற."

"அப்பத் திருட்டுதானே?" நாற்காலி கவிழ, பால்காரர் பாய்ந்து தங்கை புருஷனின் கழுத்தைப் பிடித்தார். தலை சுவரில் மோதியது. அவனுடைய கட்டுப் போட்ட கையிலேயே குத்தினார். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறியது. அவரைப் பிய்த்து எடுப்பதற்குள் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது.

"யாருது யாருகிட்டப் போச்சுன்னு இந்தக் கோடு சொல்லாது," என்றாள் அந்தப் பெண். "அத நீங்கதான் சொல்லணும்."

"அதுக்கு எதுக்குமா கோடு? என் புல்லு தானா துளிர்த்துச்சு. இவன் தண்ட அறுத்துட்டுப் போய் நட்டுக்கிட்டான். சொன்னபடி கேஸ எழுதுங்க சார்." படத்தைத் தரையில் தட்டிவிட்டு, பால்காரர் வாசலைப் பார்த்து நடந்தார்.

அதிகாரி புருஷன் பக்கம் திரும்பிக் கைவிலங்கை எடுத்தார். புருஷன் தங்கையைப் பார்த்து, சொல்ல வேண்டாமென்று தலையாட்டினான். தங்கை இந்த முறை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"மேக்குப் பாதி தானா துளிர்க்கலண்ணே, அது எங்க வயல் புல்லு. நீ ஒடச்ச கைதான் நட்டுச்சு."