நேரம் தப்பிய சங்கு

மூன்றே முக்காலுக்குச் சங்கு ஊதியது.

பார்வதம்மா போண்டாவை எண்ணெயிலேயே விட்டுவிட்டு ஓடினாள். புருஷன் கங்காதரன் கீழே இருக்கிறார். அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த நினைப்பு வருவதற்குள் பாதி வழி ஓடிவிட்டிருந்தாள்.

ஊதியது மின்ஜி. வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிற கோரமண்டல் பங்களாவுக்குக் கொரியாவிலிருந்து வந்திருக்கும் பெண். பார்வதம்மா அங்கே சமையல்.

பழைய சுரங்கச் சங்கின் சத்தத்தைத் திரும்ப உண்டாக்குவதுதான் மின்ஜி எடுத்துக்கொண்ட வேலை. பார்வதம்மா வாயால் ஊதிக் காட்டுவாள். மின்ஜி கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்குவாள். ஒருநாள் பார்வதம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் மின்ஜி நிறுத்திக்கொண்டாள். சத்தம் சரியாக வந்துவிட்டது.

மூன்று மணிக்கு ஊதுவதாகத்தான் ஏற்பாடு. அது ஷிப்ட் விடுகிற நேரம். நிகழ்ச்சியைப் பார்க்க வந்த பெங்களூர் விருந்தாளிகளின் பஸ் தாமதமாகிவிட்டது.

நேரம் தப்பி ஊதினால், கீழே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். மின்ஜி அதை விசாரிக்கவில்லை. யாருக்கும் சொல்லத் தோன்றவுமில்லை.

பழைய தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் கொட்டினார்கள். எல்லாம் நரைத்த தலைகள். ஒருத்தி கையில் பாதி அரிந்த வெங்காயம். யார் காலிலும் செருப்பில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் நின்றதுபோலவே நின்றார்கள்.

இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

பழைய சுரங்கத் தொழிலாளி டைட்டஸ் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து மனைவியின் தோளைத் தொட்டார். "இன்னா பியாட்ரிஸு, யாரைத் தேடிக்கினு வந்த? நான் இங்கதான் கீறேன்."

"நாளெல்லாம் உன் மூஞ்சியத்தான் பாக்குறேன். அப்பவும் ஓடியாந்துட்டேன், பாரு!"

பியாட்ரிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள்.

பார்வதம்மா மட்டும் கம்பியை விடவில்லை.

மின்ஜி ஓடிவந்தாள். தெரிந்த ஒரே தமிழில், "அம்மா, அம்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

போகத் திரும்பிய பியாட்ரிஸ்தான் இங்கிலீஷில் விளங்கவைத்தாள். மாட்டிக்கொண்ட ஆட்களை மேலே ஏற்றியதும் நீளமாக இன்னொரு சங்கு ஊதுவார்கள். அதைக் கேட்டுத்தான் பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். கங்காதரனுக்காகப் பார்வதம்மா நின்ற அந்தத் தடவை, அது ஊதவே இல்லை. அவர் மாட்டிக்கொண்ட லெவலை, அந்தச் சுரங்கத் தளத்தையே, அப்படியே அடைத்துவிட்டார்கள்.

மின்ஜி கலங்கிப்போனாள். அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஓடிச் சத்தத்தை நீளமாக்கினாள். பொத்தானுக்கு விரல் போனது.

அந்த விரலைப் பார்வதம்மா வந்து பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் கண்ணு," என்றாள். "அவரு இன்னும் மேல வர்ல."